யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமலிருப்பது: அந்தரங்க விருப்பங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவருக்குப் பாதங்களின் மேல் தனி ஈர்ப்பு. இன்னொருவருக்குக் கட்டிப்போடப்படுவது பிடிக்கும். மூன்றாமவர் வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் மனைவியின் புடவையைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நிற்பார். நான்காமவருக்கு இதில் எதுவுமே வேண்டாம், காமத்திலேயே நாட்டமில்லை. நாலு பேருக்கும் கேள்வி ஒன்றுதான்: இதை யாரிடமாவது சொல்லணுமா?

நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் என்னிடம் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. எனக்கும் ஒரு விருப்பம் உண்டு. அது என்னவென்று இந்தப் பக்கத்தில் எங்கும் வராது, தேட வேண்டாம். 18 வயது தாண்டியவர்களுக்காக மட்டும் எழுதியது.

இதுவும் தன்பாலீர்ப்பும் ஒன்றா?

இல்லை. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. யாரை நேசிக்கிறோம் என்பது யாரோடு குடித்தனம், ஆஸ்பத்திரிப் படிவத்தில் யார் பெயர், தீபாவளிக்கு யார் வீடு என்பதையெல்லாம் முடிவு செய்துவிடும். அதை மறைக்க வேண்டுமானால் தினமும் ஒரு பொய் தேவைப்படும். படுக்கையறை ரசனைக்கு அந்தத் தேவை இல்லை. கதவைச் சாத்தினால் முடிந்தது. “வெளியே சொல்லிவிடு, பாரம் இறங்கும்” என்று தன்பாலீர்ப்பாளர்களுக்குச் சொல்லப்படும் அறிவுரையை அப்படியே எடுத்துப் பாத ஈர்ப்புக்குப் பொருத்தினால் விபரீதமாகத்தான் முடியும். தங்கள் ரசனையே தங்கள் அடையாளம் என்று உணர்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பெரும்பாலோர் அப்படி இல்லை.

இது நோயா? முதலில் டாக்டரைப் பார்க்கணுமா?

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் ஃபெட்டிஷ் (ஒரு பொருளின் மேலோ உடல் பகுதியின் மேலோ வரும் காம ஈர்ப்பு), எதிர்பால் உடை அணிந்து இன்பம் காண்பது, வலி கொடுத்தும் வாங்கியும் இன்பம் காண்பது ஆகிய மூன்றுமே நோய்களாக இருந்தன. 2022 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில் அந்த மூன்றும் இல்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடும் 2013-ல் விருப்பம் வேறு, கோளாறு வேறு என்று பிரித்துவிட்டது. அடுத்தவர் இசைவில்லாமல் செய்யத் தூண்டினாலோ, தனக்கே கடும் உளைச்சலையும் ஆபத்தையும் தந்தாலோதான் கோளாறு என்ற பேச்சு வரும். அந்த உளைச்சலும் “ஊர் என்ன சொல்லும்” என்ற பயத்தால் மட்டும் வந்திருந்தால் கணக்கில் சேராது என்பதைப் பதினொன்றாம் பதிப்பு குறிப்பாகச் சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. நம் ஊரில் உளைச்சலின் முக்கால்வாசி அந்த ஊர்ப் பயம்தானே.

தூக்கம் போகிறது, வேலை கெடுகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் சொன்னது அவரோடு இருக்க வேண்டும். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்த ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் டெலிமானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி உதவி எண் 14416 இருக்கிறது. “வாலிப வயோதிக அன்பர்களே” என்று லாட்ஜில் ரூம் போட்டு அழைக்கிறவரிடம் மட்டும் போக வேண்டாம். அவர் உங்கள் ரகசியத்தையும் காக்க மாட்டார், பணத்தையும் விட மாட்டார். தன்பாலீர்ப்பை “மாற்றித் தருகிறேன்” என்பவர் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டராகவே இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதைத் தடுக்க உத்தரவிட்டது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது.

என் விருப்பம் குழந்தைகளைப் பற்றியது, அல்லது இசைவில்லாதவர்களைப் பற்றியது என்றால்?

கீழே இருக்கும் பதில்கள் உங்களுக்குப் பொருந்தாது. நண்பரிடமோ இணையக் குழுவிலோ ஆறுதல் தேடாதீர்கள். எதுவும் நடப்பதற்கு முன்பே மனநல மருத்துவரிடம் போங்கள், இந்த வாரமே.

சொல்லாமல் இருப்பதும் பொய்தானே? குற்ற உணர்ச்சியாக இருக்கிறது.

நேர்மையானவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கேட்கும் உரிமை உள்ள ஒருவர் கேட்கும்போது மாற்றிச் சொன்னால் அது பொய். யாருமே கேட்காததை நாமாகப் போய்ச் சொல்லாமல் இருப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது. உங்கள் சித்தப்பாவும் சித்தியும் தங்கள் அறையில் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்கள் உங்களை ஏமாற்றுகிறார்கள் என்று நினைக்கிறீர்களா? நம் மொழி இதைப் பழைய காலத்திலேயே யோசித்திருக்கிறது. காதலையும் கூடலையும் பாடுவதற்கு அகம் என்று தனி வீடு கட்டிவிட்டு, அதற்குள் வருகிறவர் யாருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதி வைத்தது. அந்த விதி இருந்ததால் யாரும் எதையும் பாடாமல் போகவில்லை. பெயர் வராது என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் பாடினார்கள்.

ஆனாலும் மனது அரிக்கிறது என்பீர்கள். அரிக்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஸ்லெப்பியனும் உடன் ஆய்ந்தவர்களும் 2017-ல் ரகசியங்கள் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடுத்தவர் முன்னால் மறைக்க வேண்டிய தருணங்கள் குறைவு என்றும், தனியாக இருக்கும்போது மனம் அதிலேயே போய்ப் போய் விழுவதுதான் அதிகம் என்றும், ஆளைத் தேய்ப்பதும் அதுதான் என்றும் அதில் கண்டார்கள். அப்படியானால் உங்களுக்குத் தேவை ஊரறியச் சொல்வது இல்லை, அந்த அரிப்பு நிற்பது. அதற்கு ஒரே ஒரு ஆள் போதும். சில பேருக்கு அந்த ஆள் டாக்டர். சில பேருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் (பூட்டி வைக்கவும்).

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம். வருங்கால மனைவியிடம், அல்லது கணவரிடம், சொல்லிவிடலாமா?

இதுதான் எனக்கு அதிகமாக வரும் கேள்வி. பதிலுக்கு நானும் ஒன்று கேட்பேன்: அது உங்களுக்கு ஊறுகாயா, சோறா?

ஊறுகாய் என்றால் தட்டில் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் சாப்பாடு இறங்கும். அதைக் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. பழகி, சிரித்து, ஒருவருக்கொருவர் கூச்சம் விட்டபின் மெல்லச் சொல்லிக்கொள்ளலாம். சோறு என்றால், அதாவது அது இல்லாமல் உங்களுக்கு நெருக்கமே சாத்தியமில்லை என்றால், சொல்லாமல் தாலி கட்டுவது அநியாயம். வரப்போகிறவர் தன் வாழ்க்கையை வைத்து இறங்குகிறார், எதில் இறங்குகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதிர்பாலினத்தின் மேல் ஈர்ப்பே இல்லாதவருக்கும், காமத்தில் நாட்டமே இல்லாதவருக்கும் இதே பதில்தான். “கல்யாணமானா சரியாப் போயிடும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். சரியாகப் போவதில்லை.

எப்படிச் சொல்வது? பெண் பார்க்கும் அன்றைக்கு, கேசரித் தட்டோடு மொட்டை மாடியில் கிடைக்கும் பத்து நிமிடத்தில் வேண்டாம். வாட்ஸாப்பில் எழுதவே வேண்டாம், எழுதியது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இருவரும் தனியாகச் சந்திக்கிற அளவுக்குப் பேச்சு வந்தபின், முதலில் தண்ணீரின் ஆழம் பாருங்கள். இந்த மாதிரி விஷயங்களைப் பேச அவருக்குச் சங்கடமா, நண்பர்கள் பற்றி வரும் கதைகளுக்கு எப்படிச் சிரிக்கிறார், அடுத்தவர் ரகசியத்தை உங்களிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார் என்று கவனியுங்கள். கடைசியாகச் சொன்னது ரொம்ப முக்கியம். அப்புறம் விவரம் எதுவுமில்லாமல் ஒரு வரி: “எனக்குக் கொஞ்சம் வித்தியாசமான ஒரு விருப்பம் உண்டு. எதுக்கும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனா தெரியாம நீ இதுக்குள்ள வரக் கூடாது.” அவர் கேட்டால் மேலே சொல்லுங்கள். கேட்காவிட்டால் ஒரு வாரம் கழித்து நீங்களே கேளுங்கள்.

பெண்கள் சொல்லும்போது ஆபத்து இரண்டு மடங்கு. ஆண் சொன்னால் “ஒரு மாதிரி” என்பதோடு நிற்கும் பேச்சு, பெண் சொன்னால் “எத்தனை பேரோடு பழகினாளோ” என்று போய்விடும். அதனால் பெண்களுக்கு நான் இன்னும் மெதுவாகப் போகச் சொல்வேன். அவன் சிரிக்காமல் கேட்கிறவனா என்று தெரியாதவரை வாயைத் திறக்க வேண்டாம்.

சம்பந்தம் நின்றுபோனால்? இரண்டு வீட்டுக்கும் சொல்ல ஒரே காரணத்தை இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். ஜாதகம் எத்தனையோ உண்மைகளுக்குத் திரையாகத் தொங்கியிருக்கிறது, உங்களுக்கும் தொங்கட்டும்.

கல்யாணமாகி ஒன்பது வருடம். மனைவிக்குத் தெரியாது. இனிமேல் சொல்வதா?

நண்பர் ஒருவர் சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போகும்போது சொன்னார். கார் நல்ல இடம். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. திண்டிவனத்தில் ஆரம்பித்தார். விழுப்புரம் தாண்டும்வரை அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாராம்: “இதுக்காகத்தான் ரூமைப் பூட்டிக்கிட்டு இருந்தீங்களா? நான் வேற யாரோ இருக்காங்கன்னு நினைச்சேன்.” இத்தனை வருடமாக மறைத்ததில் இவர் காப்பாற்றியது தன்னைத்தான். அந்த அம்மா இல்லாத ஒருத்தியோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாக் காரும் இப்படித் தஞ்சாவூர் போய்ச் சேரும் என்று சொல்ல மாட்டேன். சில எச்சரிக்கைகள் மட்டும் சொல்கிறேன். படுக்கையில் சொல்லாதீர்கள், அங்கே சொன்னால் தகவல்கூடக் கோரிக்கையாகக் கேட்கும். சண்டைக்குப் பிறகு வேண்டாம், குடித்துவிட்டு வேண்டவே வேண்டாம். முதல் பேச்சில் எதையும் கேட்காதீர்கள், “செய்து பார்க்கலாமா” என்பதை அடுத்த மாதத்துக்கு வையுங்கள். “அப்போ நான் போதலையா?” என்ற கேள்வி கட்டாயம் வரும். அதற்குப் பதிலைக் கிளம்பும் முன்பே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், திணறினால் அந்தத் திணறலையே பதிலாக எடுத்துக்கொள்வார்கள்.

“வேண்டாம்” என்று வந்தால் அது முழுப் பதில். மாதம் ஒருமுறை திரும்பக் கேட்டு அலுக்க வைத்து வாங்கும் சம்மதத்துக்கு வேறு பெயர் உண்டு. மனைவி தனியாக ஆபாசப் படம் பார்ப்பதும் சுயஇன்பம் காண்பதும் கணவனுக்கு இழைக்கும் கொடுமை ஆகாது என்று 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு விவாகரத்து மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொன்னது. கல்யாணமானாலும் பெண் தனி ஆள்தான் என்றது. கூடவே, துணையையும் அதில் சேரச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் அது கொடுமை என்றது. நான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததை நீதிபதிகள் இரண்டு வரியில் சொல்லிவிட்டார்கள்.

உறவு ஏற்கெனவே முறிவின் விளிம்பில் இருந்தால் இப்போது சொல்லாதீர்கள். துணை ரகசியமாகப் பதிவு செய்த உரையாடலை விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நெருங்கிய நண்பர்களிடம்?

பழைய உரைகாரர்கள் ஊர்ப்பேச்சை இரண்டாகப் பிரித்தார்கள். வாய்விட்டுச் சொல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பது அம்பல். ஊரறியப் பேசுவது அலர். நண்பர் கூட்டத்தில் நடப்பது முதலாவது. யாரும் உங்களை எதுவும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஷூ கடையைத் தாண்டும்போதெல்லாம் ஒருவன் இருமுவான். அதைப் பத்து வருடம் தாங்க முடியுமா என்று பார்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

சொல்லத்தான் வேண்டுமென்றால் குழுவிடம் வேண்டாம், ஒருவரிடம் சொல்லுங்கள். அவரிடம் முதலில் அனுமதி கேளுங்கள்: “கொஞ்சம் அந்தரங்கமான விஷயம், கேக்குறியா?” இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சொன்னதால் உங்களுக்கு லேசாகிறது, அவருக்குக் கனக்கிறது. அவர் மனைவியிடம் மறைக்க வேண்டிய ஒன்றை அவர் தலையில் ஏற்றுகிறீர்கள். இன்னொன்று, உங்கள் கதையில் உங்கள் துணையும் இருக்கிறார். “எங்களுக்கு இது பிடிக்கும்” என்று சொல்ல அவரும் சரி என்றிருக்க வேண்டும்.

அம்மா அப்பாவிடம்?

ரசனையா? வேண்டாம். எந்த நன்மையும் எனக்குத் தெரியவில்லை.

பாலீர்ப்பு என்றால் அது வேறு கணக்கு, அங்கே கல்யாணப் பேச்சு துரத்திக்கொண்டே இருக்கும். அப்போது அகப்பாட்டில் வரும் அறத்தொடு நிற்றல், அதாவது காதலைப் படிப்படியாக வீட்டுக்குத் தெரிவிப்பது, கை கொடுக்கும். தலைவி தோழியிடம் சொல்வாள், தோழி செவிலியிடம் (வளர்த்த தாய்), செவிலி நற்றாயிடம் (பெற்ற தாய்), நற்றாய் தந்தையிடமும் தமையனிடமும். ஒரே தாவலில் அப்பாவிடம் போவதில்லை. முதலில் அத்தையோ அக்காவோ ஒருவர், அவர் அம்மாவைத் தயார்ப்படுத்தட்டும். அப்பா கடைசியாகத் தெரிந்துகொண்டு, “எனக்கு அப்பவே தெரியும்” என்று சொல்லட்டும். சம்பாதித்துத் தனியாக நிற்க முடிகிறவரை அந்த முதல் படியையும் தள்ளிப்போடலாம், தப்பில்லை.

சொல்ல மாட்டேன், ஆனால் மறைக்கவும் மாட்டேன். கழுத்தில் பட்டையோடு நண்பர் வீட்டு விசேஷத்துக்குப் போனால் என்ன?

அடுத்தவர் அறிவது வேறு, அடுத்தவரைப் பார்க்க வைப்பது வேறு. என் பார்வையில் எல்லை அங்கேதான் இருக்கிறது. கழுத்துப் பட்டை (துணைக்கு அடங்கி நடக்கும் விருப்பத்தின் அடையாளமாகச் சிலர் போடுவது) மற்றவர் கண்ணுக்கு வெறும் நகையாகத் தெரிந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அது உங்களுக்குள் இருக்கும் சின்னச் சிரிப்பு. ஆனால் பந்தியில் எல்லார் முன்னாலும் ஒருவர் உத்தரவிட்டு இன்னொருவர் மண்டியிடுகிறார் என்றால், சாம்பார் வாளியோடு நிற்கும் பையனையும் உங்கள் ஆட்டத்தில் சேர்த்துவிட்டீர்கள். அவனை யாரும் கேட்கவில்லை.

சான்ஃபிரான்சிஸ்கோவில் 1984 முதல் ஃபோல்சம் தெருவில் ஒரு விழா நடக்கிறது. தோல் உடையும் சாட்டையுமாகத் தெருவில் திரிவார்கள். அங்கே அது சரி, வருகிறவர்கள் தெரிந்துதான் வருகிறார்கள். நம் ஊர் இலக்கியத்திலும் இதற்கு எதிர்மறையான உதாரணம் உண்டு: மடலேறுதல். பெண் கிடைக்கவில்லை என்றால் பனைமடலில் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ மாலையோடு, ஊர் நடுவே தன் காமத்தைக் காட்சி வைப்பேன் என்று தலைவன் மிரட்டுவான். கவிதையில் அழகுதான். அந்தப் பெண்ணின் இடத்திலிருந்து பாருங்கள், ஊரையே சாட்சியாக்கி அவளை நெருக்குகிறான்.

ஆபீஸில்?

பேசாதீர்கள். கேன்டீன் ஜோக்காகக்கூட வேண்டாம். 2013-ன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் விருப்பமில்லாத பெண்ணிடம் பேசும் பாலியல் பேச்சும் துன்புறுத்தல்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். “என்னைப் பற்றித்தானே சொன்னேன், அவங்களைப் பற்றி இல்லையே” என்ற வாதம் அங்கே எடுபடாது. பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக ஆபாசப் படத்தைக் காட்டுவது ஆபீஸுக்கு வெளியிலும் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறை.

நான் சொல்லவில்லை, அவர்களாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

பெரும்பாலும் இப்படித்தான் வெளியே வருகிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத வீடு, பார்சலைப் பாசத்தோடு பிரித்துவைக்கும் அம்மா, ஹால் டிவியில் உங்கள் கணக்கில் வரிசையாக நிற்கும் யூடியூப் பரிந்துரைகள். முன்கூட்டியே செய்யக் கூடியது: தனி மின்னஞ்சல், தனி பிரவுசர் கணக்கு, வீட்டுக்கு வராமல் நீங்களே போய் எடுத்துக்கொள்ளும் முகவரி. குழந்தைகள் கை படும் போனில் எதுவும் வேண்டாம்.

நடந்துவிட்டதென்றால், அந்த நிமிடம் பெரிய விளக்கம் தராதீர்கள். “அது என் சொந்த விஷயம். யாருக்கும் கெடுதல் இல்லை. இதுக்கு மேல பேச எனக்குச் சங்கடமா இருக்கு.” இவ்வளவு போதும். அவர்களுக்கும் சங்கடம்தான், பேச்சை மாற்ற வழி கிடைத்தால் ஓடிவிடுவார்கள். துணை கண்டுபிடித்திருந்தால் மட்டும் இப்படித் தப்ப முடியாது. அவருக்குக் கேட்க உரிமை இருக்கிறது, உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

இணையத்தில் வேறு பெயரில் மனம்விட்டுப் பேசலாமா?

பேசலாம். தன்னைப் போல் இன்னும் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று தெரிவதே பலருக்கு மருந்து. முகமும் உடலும் ஒரே படத்தில் வேண்டாம். மச்சம், பச்சை குத்தியது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டி எல்லாமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். வெளிப்படையான பாலியல் படங்களை, உங்களுடையதாகவே இருந்தாலும், இணையத்தில் வெளியிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஏ பிரிவில் குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கிறது.

ரகசியம் எங்கிருந்து கசியும் என்பதற்கு லண்டனில் நடந்த ஒரு வழக்கைச் சொல்வேன். மாக்ஸ் மோஸ்லி உலகக் கார்ப் பந்தய அமைப்பின் தலைவராக இருந்தவர். 2008-ல் அவருடைய அந்தரங்கச் சந்திப்பு ஒன்றை ‘நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்’ பத்திரிகை படத்தோடு போட்டது. படம் பிடித்தது வெளியாள் இல்லை. அந்தச் சந்திப்பில் இருந்த பெண்களில் ஒருவரே பத்திரிகை கொடுத்த ரகசியக் கேமராவோடு வந்திருந்தார். மோஸ்லி வழக்குப் போட்டார். சந்திப்பு நாஜி பாணியில் நடந்தது என்று பத்திரிகை எழுதியதற்கு ஆதாரமில்லை என்றும், வயது வந்தவர்கள் இசைந்து தனியறையில் செய்ததை வெளியிடுவதில் பொதுநலன் எதுவும் இல்லை என்றும் நீதிபதி ஈடி சொன்னார். நஷ்டஈடு 60,000 பவுண்ட். வெற்றிதான். ஆனால் அந்த வெற்றிக்காக அத்தனை விவரத்தையும் திறந்த நீதிமன்றத்தில் திரும்பவும் கேட்க வேண்டியிருந்தது. கூகிளில் இன்றைக்கும் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பது தீர்ப்பு மட்டுமில்லை.

“பணம் தா, இல்லாவிட்டால் உன் வீட்டுக்கு அனுப்புவேன்” என்று மிரட்டுகிறார்கள்.

பணம் தராதீர்கள். தந்தால் அடுத்த வாரம் மறுபடி வருவார்கள். உரையாடலையும் எண்ணையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பேச்சை நிறுத்துங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930, பணம் போயிருந்தால் உடனே அழையுங்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளின் படத்தை அவர் இசைவில்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஆணும் புகார் கொடுக்கலாம். ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசத் தளம், படத்தை உங்கள் போனிலேயே வைத்துக்கொண்டு அதன் எண்முத்திரையை (அந்தப் படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டும் வாங்கி, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அது ஏறாமல் தடுக்க உதவுகிறது.

மிரட்டலின் பலம் முழுக்க “வீட்டுக்குத் தெரிந்துவிடும்” என்பதில்தான் இருக்கிறது. அதனால் இந்த ஒரு சமயத்தில் மட்டும், நீங்களே முந்திக்கொண்டு வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுவதை யோசியுங்கள். மிரட்டுகிறவன் கையில் அப்புறம் பெரிதாக எதுவும் இருக்காது.

பொதுவெளியில் பேசுவதே குற்றமா?

கருத்துச் சொல்வது குற்றமில்லை. 2005-ல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பத்திரிகையில் கருத்துச் சொன்னதற்கு, பெரும்பாலும் தமிழ்நாட்டில், 23 வழக்குகள் பாய்ந்தன. 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்தது. சட்டப்படி அவர் செய்ததில் தவறில்லை, ஆனால் அதைச் சொல்ல ஐந்து வருடம் ஆயிற்று. அவர் பேசியது தன் சொந்த விருப்பத்தைப் பற்றிக்கூட இல்லை.

2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பரில், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வயது வந்தவர்கள் இசைந்து தனிமையில் செய்வதைத் தொடக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. சிங்கப்பூரும் தன் 377ஏ-வை 2023 ஜனவரியில் விட்டுவிட்டது. இலங்கையில் 365, 365ஏ பிரிவுகளும் மலேசியாவில் 377-ஆம் பிரிவின் வகைகளும் இன்னும் ஏட்டில் இருக்கின்றன. அங்கே வாழ்கிறவர்கள் அதையும் மனதில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

என் நண்பன் என்னிடம் சொல்லிவிட்டான். எனக்குக் கொஞ்சம் அருவருப்பாக இருந்தது. என்ன செய்வது?

அருவருப்பு வந்ததற்கு வெட்கப்பட வேண்டாம். சிலருக்குப் பாகற்காய் பிடிக்காது, அதுபோலத்தான். முகத்தில் காட்டியிருந்தால் “எனக்குப் பழக்கமில்லாத விஷயம்டா, அதான்” என்று சொல்லிவிடுங்கள். விவரம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றும் சொல்லலாம், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. யாரிடமும் சொல்லாமல் இருப்பது மட்டும் கடமை, உங்கள் மனைவி உட்பட.

அவன் எதிர்பார்த்தது அறிவுரையாக இருந்திருக்காது. சொன்ன மறுநாள் அவன் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பான், உங்களிடமிருந்து அழைப்பு வருகிறதா என்று. நீங்களே முதலில் கூப்பிடுங்கள். அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. நேற்றைய மேட்சைப் பற்றிப் பேசினால் போதும்.